எல்லா உடம்பையும் இழுத்து வளைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பின் உடல்நலப் பக்கத்தில் காலைநேர நீட்டிப் பயிற்சிகள் படங்களோடு வந்திருந்தன. குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதிப்பது, கழுத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிப்பது, கையை மார்புக்குக் குறுக்கே இழுத்துத் தோளைத் தளர்த்துவது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர்களுக்கு நல்ல பயிற்சிகள்தான், நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் யார் வேண்டுமானாலும் செய்யலாம், பயப்பட ஒன்றுமில்லை என்று கட்டுரை முடிந்திருந்தது. என்னைப் போன்ற சிலருக்கு அது பொருந்தாது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இருப்பது ஏலர்ஸ்-டான்லோஸ் என்ற பரம்பரை நோய். 1901-இல் டென்மார்க்கின் எட்வர்ட் ஏலர்ஸும், 1908-இல் பிரான்சின் ஆன்ரி அலெக்சாந்தர் டான்லோஸும் இதை விவரித்ததால் இந்தப் பெயர். இரண்டு பேருமே தோல் மருத்துவர்கள். தோல், மூட்டு, இரத்தக் குழாய் எல்லாவற்றுக்கும் உறுதி தருவது கொலாஜன் என்ற புரதம். எங்களுக்கு அது உருவாகும் விதத்திலேயே கோளாறு. 2017-இல் வெளியான சர்வதேச வகைப்பாடு இந்த நோயை 13 வகையாகப் பிரித்தது. என்னுடையது 'கிளாசிக்கல்' வகை. 20,000 முதல் 40,000 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். தோலை இழுத்தால் நீளும், சின்னக் காயம்கூட வாய் பிளந்துகொள்ளும், மூட்டுகள் வளைய வேண்டிய அளவைத் தாண்டி வளையும். நோயையே குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

சின்ன வயதில் இது ஒரு நோய் என்று யாருக்கும் தோன்றவில்லை. கட்டை விரலை மடக்கி முன்கையில் தொட்டுக் காட்டினால் கைதட்டுவார்கள். பின்னாளில் பார்த்தால், மருத்துவர் என்னைச் செய்யச் சொன்னதும் அதே வித்தைகளைத்தான். சுண்டு விரல் பின்பக்கம் செங்குத்தாக வளைகிறதா, கட்டை விரல் முன்கையைத் தொடுகிறதா, முழங்கையும் முழங்காலும் பின்னோக்கி வளைகின்றனவா, முட்டி மடங்காமல் குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைக்க முடிகிறதா. இதற்கு பெய்ட்டன் அளவுகோல் என்று பெயர், மொத்தம் 9 மதிப்பெண். பள்ளியில் மற்றப் பாடங்களில் எப்படியோ, இதில் நான் முழு மதிப்பெண். உங்கள் பக்கத்தில் வந்த முதல் படம் இருக்கிறதே, உள்ளங்கையைத் தரையில் பதிப்பது, அது இந்தச் சோதனையில் கடைசி மதிப்பெண்.

சரி, இப்படி வளைகிற உடம்பு ஏன் எப்போதும் இறுகிப்போய் வலிக்க வேண்டும்? எல்லோரையும் ஏமாற்றுவது இந்த இடம்தான். எலும்பை எலும்போடு பிணைத்துப் பிடிக்க வேண்டிய தசைநார்கள் தொய்ந்துகிடப்பதால், அந்த வேலையும் தசைகளின் தலையில் விழுகிறது. கழுத்திலும் தோளிலும் உள்ள தசைகள் இரவு பகலாக இறுக்கிப் பிடித்தபடியே இருக்கின்றன. தொட்டுப் பார்த்தால் கல்லாக இருக்கும். இழுத்துவிட்டால் நன்றாக இருக்குமே என்று நமக்கே தோன்றும். இழுத்தால் அந்த நேரத்துக்குச் சுகம்தான். ஆனால் மூட்டு இன்னும் கொஞ்சம் தளர்ந்து, தசை முன்னைவிடக் கூடுதலாக இறுகும். கீல் ஆடுகிற கதவை இன்னும் அகலத் திறந்து பார்ப்பதால் கீல் சரியாகிவிடாது.

இந்த நோய் எனக்கு இருப்பது தெரிவதற்கு முன்பு ஓர் இடத்தில் பிசியோதெரபி எடுத்துக்கொண்டேன். 'கரன்ட் வைப்பது' என்று நாம் சொல்வோமே, அது, பிறகு சூடு, பிறகு தோளைப் பிடித்து ஓர் இழுப்பு. கேள்வி எதுவும் கிடையாது. 'இறுகியிருக்கு, விட்டுடும்' என்றார்கள். வீடு திரும்பும் வழியில் தோள் நழுவி இறங்கியது. இன்னொரு முறை, முழங்காலில் ஒட்டிய டேப்பைச் சட்டென்று உரித்ததில் தோலும் கூடவே வந்துவிட்டது. அவர்கள்மேல் கோபப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் படித்து மறந்த நோய் எதிரே வந்து உட்கார்ந்தால் யாருக்கும் அடையாளம் தெரியாதுதான். ஆனால் 'முன்னாடி மூட்டு நழுவியிருக்கா?' என்று கேட்க அந்த ஒரு பக்கம்கூடத் தேவையில்லையே.

இப்போது நான் போகும் பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண். இந்த நோயைத் தானும் அதிகம் பார்த்ததில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். படித்துவிட்டு வருகிறேன் என்றார், படித்துவிட்டும் வந்தார். முதல் நாள் என்மேல் கையே வைக்கவில்லை. பையைக் கழற்றச் சொன்னார், நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொன்னார், நான் ஆசிரியை என்று தெரிந்ததும் சுவரில் எழுதுவதுபோலக் கையைத் தூக்கி அசைக்கச் சொன்னார். சுற்றி வந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "டீச்சர், நீங்க தசையில நிக்கல, முட்டியைப் பூட்டி அந்தப் பூட்டுல சாஞ்சு நிக்கிறீங்க" என்றார். கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது, கால் பின்பக்கம் வில்லாக வளைந்திருந்தது. வகுப்பில் வருடக்கணக்காக அப்படித்தான் நின்றிருக்கிறேன்.

அப்புறம் கண்ணை மூடச் சொல்லி, முழங்கையைச் சரியாக செங்கோணத்தில் நிறுத்தச் சொன்னார். நிறுத்திவிட்டேன் என்று நினைத்துக் கண்ணைத் திறந்தால், கை எங்கோ இருக்கிறது. கணக்கு டீச்சருக்கு இதைவிட அவமானம் உண்டா! மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குப் போகும் தகவல் எங்களைப் போன்றவர்களுக்குத் துல்லியமாகப் போவதில்லை. கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வதும், சமதரையில் கணுக்கால் பிசகுவதும் அதனால்தான். 'பார்த்து நடக்கத் தெரியாதா' என்று ஊரே திட்டிய விஷயத்துக்கு ஒரு காரணம் இருந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அவர் தந்த பயிற்சிகளைப் பார்த்தால் இதெல்லாம் ஒரு பயிற்சியா என்று கேட்பீர்கள். சுவரில் உள்ளங்கையைப் பதித்து, முழங்கையை லேசாக மடக்கி வைத்துக்கொண்டு, தோள்பட்டை எலும்பு முதுகோடு பதிந்து நிற்கும்படி மெதுவாகச் சுவரை அழுத்த வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஒருத்தி சுவரில் கை வைத்து நிற்கிறாள், அவ்வளவுதான். உள்ளே, தோளின் பந்தைக் கிண்ணத்தில் பிடித்துவைக்கும் சின்னச் சின்னத் தசைகள் விழித்துக்கொண்டு நடுங்குவது எனக்குத் தெரியும். கழுத்துக்கு, மல்லாந்து படுத்து முகவாயை அரை அங்குலம் உள்ளே இழுத்துப் பிடிப்பது. முழங்காலுக்கு, கால் நீட்டி உட்கார்ந்து தொடைத் தசையை மட்டும் இறுக்கி விடுவது. எதிலும் மூட்டைக் கடைசி எல்லைவரை கொண்டுபோகக் கூடாது. பயிற்சியின்போது மூச்சைப் பிடிக்கக் கூடாது. நெட்டி முறிப்பது கூடவே கூடாது. கடைசியாகச் சொன்னதுதான் எனக்குக் கடினம், நாற்பது வயதுக்கு மேல் அந்தச் சுகத்தை விடுவது லேசில்லை.

இப்படிச் சொன்னதும் 'அப்படியானால் எடையே தூக்கக் கூடாது' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2022-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, டென்மார்க்கில் மூட்டுத் தளர்வால் தோளில் தொந்தரவு உள்ள 100 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து 16 வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். கண்காணிப்போடு படிப்படியாகக் கூடுதல் எடை தூக்கியவர்களுக்கு, லேசான பயிற்சி செய்தவர்களைவிடத் தோளின் செயல்பாடு நன்றாக இருந்தது. நானும் இப்போது ரப்பர் பட்டையைத் தாண்டிச் சின்ன எடைகளுக்கு வந்திருக்கிறேன். ஓய்வெடுத்துப் படுத்துக்கிடந்தால் தசை மெலியும். தசை மெலிந்தால் மூட்டைப் பிடிக்க ஆளில்லை. தசை அழற்சி போன்ற வேறு சில அரிய நோய்களிலும் ஒரு காலத்தில் அசையாமல் இரு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அளவறிந்த பயிற்சி அவர்களுக்கும் பாதுகாப்பானது என்று பிறகு ஆய்வுகள் காட்டின.

ஆனால் எந்த வகை என்று தெரியாமல் இதில் இறங்கக் கூடாது. இந்த நோயில் இரத்தக் குழாய்களைப் பாதிக்கும் வகை ஒன்று உண்டு, அதில் குழாய்ச் சுவரே கிழியக்கூடும் என்பதால், மூச்சடக்கிப் பெரிய எடை தூக்குவது ஆபத்து. சிலருக்கு எழுந்து நின்றாலே இதயம் படபடத்துத் தலை சுற்றும், அவர்களுக்குப் பயிற்சியைப் படுத்த நிலையிலும் உட்கார்ந்த நிலையிலும் தொடங்க வேண்டும். ஆகவே முதலில் மருத்துவர், அப்புறம்தான் பிசியோதெரபி.

பயிற்சியைவிட எனக்கு அதிகம் உதவியது எது என்று கேட்டால், நிறுத்தக் கற்றுக்கொண்டதைச் சொல்வேன். நல்ல நாள் என்றால் மிச்சமிருக்கும் வேலையெல்லாம் அன்றைக்கே முடித்துவிட்டு, அடுத்த சில நாள் எழுந்திருக்க முடியாமல் கிடப்பது என் வழக்கம். இன்னும் தெம்பு இருக்கும்போதே நிறுத்துங்கள் என்றார் அவர். கரும்பலகையில் கண் மட்டத்துக்குக் கீழேயே எழுதுகிறேன். நோட்டுத் திருத்தும்போது தடித்த பேனா, விரல் பின்னால் வளையாமல் தடுக்க எட்டு வடிவத்தில் ஒரு மோதிரம். மாணவர்கள் அதை நகை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தோள் இப்போதும் நழுவுகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். முன்பு நழுவினால் பதறி, யாரையாவது பிடித்துத் தள்ளச் சொல்லி, ஒன்றை மூன்றாக்கிக்கொள்வோம். இப்போது கையைத் தலையணைமேல் தாங்கி வைத்து, மூச்சை நிதானப்படுத்தி, தசைப்பிடிப்பு விடும்வரை காத்திருக்கிறேன். பெரும்பாலும் தானாகவே உட்கார்ந்துவிடும். விரல் மரத்துப்போனாலோ வெளுத்துப்போனாலோ நேராக மருத்துவமனை. இந்த வித்தியாசத்தைக் கற்றுக்கொடுத்ததும் பிசியோதெரபிதான்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். பயிற்சிப் படங்கள் போடும்போது, அடிக்கடி மூட்டு நழுவுகிறவர்களும் இயல்புக்கு மீறி வளைகிறவர்களும் கேட்டுவிட்டுச் செய்யவும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இடம் அதிகம் பிடிக்காது.

என் மகளுக்கும் இந்த நோய் வந்திருக்கிறது. என்னுடைய வகையில், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவள் பள்ளியில் உடற்கல்வி வகுப்பிலிருந்து விலக்குக் கேட்கலாம் என்றுதான் நான் இருந்தேன். பிசியோதெரபிஸ்ட் ஒத்துக்கொள்ளவில்லை. எதைச் செய்யக் கூடாது, எதைத் தாராளமாகச் செய்யலாம் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுத்தார். கூடாது என்ற பக்கத்தில், கால்களை முழுக்க விரித்து உட்காருவது, கம்பியில் தொங்குவது, ஆளோடு ஆள் மோதும் விளையாட்டுகள். செய்யலாம் என்ற பக்கத்தில் நடை, நீச்சல், கண்காணிப்போடு வலுப் பயிற்சி. உடற்கல்வி ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, வட்டு எறியலாமா என்று கேட்டு அனுப்பியிருக்கிறார். அடுத்த முறை போகும்போது கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியை
(பெயர் வெளியிட வேண்டாம்)