அண்ணனுக்கு: முன்வீட்டைக் கொடுத்துவிட்டேன்

அண்ணன்,

ஏறாவூர் முஸ்லிம் டீச்சர் ஒருவருக்கு முன்வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டேன். மச்சாள் சொல்லியிருப்பா. அதுதான் கிழமைக்கணக்காக உங்களிடமிருந்து கோல் இல்லை. நாலு பேர் பார்க்க எழுதினால்தான் கடைசிவரை வாசிப்பீர்கள் என்று இங்கேயே எழுதுகிறேன்.

இன்று செப்டம்பர் 5. 1990இல் மட்டக்களப்பு வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்து கொண்டுபோன 158 பேரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கொண்டுபோனவர்கள் யார் என்று எழுதப்போவதில்லை. அதற்கு முந்திய மாதம் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களையும் ஏறாவூரில் இரவில் வீட்டில் கிடந்தவர்களையும் கொன்றவர்கள் யார் என்றும் எழுதப்போவதில்லை. வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் ஒன்று மட்டும் ஞாபகம், மற்றது மறந்துபோச்சு.

எனக்கு ஞாபகம் கிணறு.

அடுத்த வருசம் புடவை விற்கிற முஸ்லிம் காக்கா சைக்கிளில் வந்தார். அம்மாவின் பழைய கடனைக் கேட்கவில்லை. "ஐயா இன்னும் வரல்லையா?" என்றுதான் கேட்டார். அவர் வீட்டிலும் அந்த ஆகஸ்டில் இரண்டு மையத்து. நீங்கள் கரியரில் இருந்த மூட்டையை இழுத்தெடுத்துக் கிணற்றுக்குள் போட்டீர்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. வாளியை விட்டு, அகப்பட்டதை ஒவ்வொன்றாகத் தூக்கி, பிழிந்து, கட்டிக்கொண்டு போனார். மிச்சம் தாண்டுவிட்டது. சாயம் போகிற சீத்தைத் துணி. பல நாளாக வாளியில் சிவப்புத் தண்ணீர்தான் வந்தது, அதில்தான் சோறாக்கினோம்.

கோழி அறுத்தால் பின்வளவுக்கு ஓடிப்போகிற பிள்ளை நீங்கள். அம்மா ஏசவில்லை. "விடு மனே" என்று உங்களைத்தான் தேற்றினா. அன்றைக்கே ஒரு அடி போட்டிருக்கலாம் என்று அம்மாவில் எனக்கு இன்னும் கோபம். புருசனைப் பறிகொடுத்தவ எப்படி அடிப்பா என்றும் யோசிக்கிறேன்.

அன்றிரவு காய்ச்சலில் பிதற்றினீர்கள். நெற்றியில் ஈரத்துணி போட்டது நான். அந்த அண்ணனுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

2019இல் கோல் எடுத்தது வேறு ஆள். ஈஸ்டர் ஞாயிறு, இங்கே சீயோன் தேவாலயத்தில் குண்டு, செத்தவர்களில் எத்தனையோ சின்னப்பிள்ளைகள். நான் உயிரோடு இருக்கிறேனா என்று கேட்கவில்லை. "பாத்தியா, நான் சொன்னேன்தானே" என்றீர்கள். குரலில் சந்தோசம் இருந்தது அண்ணன். இத்தனை வருசமாக ஒரு சாட்சிக்குக் காத்திருந்த ஆளின் சந்தோசம். அப்பாவைக் கொண்டுபோனவர்கள் உங்களையும் எவ்வளவு தூரம் கொண்டுபோய்விட்டார்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

சரி, வீட்டு விசயம். எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான். டீச்சர் ஆட்களிடமும் அதே வழக்கம். அதனால் உங்களிடம் கேட்கவில்லை. ஒரு சொல் சொல்லியிருக்கலாம், குறை நினைக்காதீர்கள். கூரையும் சீமெந்தும் நீங்கள் சுவிஸில் கோப்பை கழுவி அனுப்பிய காசு. நான் படித்ததும் அந்தக் காசில்தான். அதற்காக ஆயுசுக்கும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா?

டீச்சர் அந்தக் காக்காவின் பேத்தி இல்லை. விசாரித்துவிட்டேன், அதெல்லாம் கதைகளில்தான் நடக்கும். வாடகை நாளுக்கு வருகிறது. அவவின் சின்னவன் என் மாமரத்தை மொட்டையடிக்கிறான், அது ஒன்றுதான் தகராறு.

மாரிக்கு முன் பின்பக்கக் கூரை திருத்த வேண்டும். காசு அனுப்ப வேண்டாம், வாடகையில் பார்த்துக்கொள்வேன். கோல் எடுங்கள். டீச்சரைப் பற்றி ஒரு சொல் வந்தால் வைத்துவிடுவேன்.

தங்கச்சி