கவரை எடுத்துக்கொண்டு கடிதத்தை விட்டுவிடாதீர்கள்

அன்புள்ள சேகரிப்பு நண்பர்களுக்கு,

வணக்கம். போர்க்காலக் கவர்கள், தணிக்கை முத்திரைகள், செஞ்சிலுவைப் படிவங்கள் என்று தேடித் தேடி வாங்குகிறவர்கள், அவற்றை விற்கிற டீலர்கள், கண்காட்சிகளில் நடுவர்களாக உட்காரும் பெரியவர்கள், உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நானும் பள்ளிக்கூட நாளிலிருந்து தபால்தலை சேர்க்கிறவள்தான். நம் சங்கக் கூட்டங்களில் பேசிப் பேசி விட்டுப்போன ஒரு விஷயத்தை இந்த முறை எழுத்திலேயே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

கேட்க வந்தது ஒன்றுதான். ஹிட்லர் காலத்தில் நாடு நாடாகச் சிதறிப்போன யூதக் குடும்பங்களின் கடிதக் கட்டுகள் சந்தைக்கு வரும்போது அவற்றைப் பிரித்து விற்காதீர்கள். யாராவது பிரித்து விற்றால், முத்திரை நன்றாக விழுந்த நாலு கவரைப் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டு வராதீர்கள்.

2025 நவம்பரில் ஜெர்மனியின் நாய்ஸ் நகரில் ஓர் ஏல நிறுவனம் வதைமுகாம் கடிதங்கள் உட்பட நூற்றுக்கணக்கான ஆவணங்களை ஏலம் விடப்போவதாக அறிவித்தது. சர்வதேச ஆஷ்விட்ஸ் கமிட்டி கண்டித்தது, போலந்தின் வெளியுறவு அமைச்சர் வரை பேசினார், ஏலம் கைவிடப்பட்டது. அந்தச் செய்தி வந்த நாட்களில் நம் ஆட்கள் பலர் சொன்னது, "நாம் வாங்கவில்லை என்றால் இதெல்லாம் என்றைக்கோ குப்பைக்குப் போயிருக்கும்" என்று. அதில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. லண்டனிலும் நியூயார்க்கிலும் தாத்தா பாட்டி இறந்து வீட்டைக் காலி செய்யும்போது பேரப்பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியாத பழைய ஜெர்மன் கையெழுத்தில் ஒரு பெட்டி நிறையக் காகிதம் இருந்தால் அது எங்கே போகும் என்று நமக்குத் தெரியும். அதைக் காப்பாற்றியவர்களில் நம்மைப் போன்ற சேகரிப்பாளர்களும் உண்டு. ஆனால் காப்பாற்றியதை நாமே நாற்பது துண்டாக்கி நாற்பது பேருக்கு விற்றால் அந்தப் பேச்சுக்கு என்ன மரியாதை?

அந்தக் கட்டு எப்படி உருவானது என்பதை இந்தத் துறைக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 1938 நவம்பரில் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் யூதர்களின் கடைகளையும் தொழுகைக் கூடங்களையும் அடித்து நொறுக்கிக் கொளுத்திய பிறகு, பெற்றோர் இல்லாமல் தனியாக வரும் பிள்ளைகளை ஏற்றுக்கொள்ள பிரிட்டன் சம்மதித்தது. அந்த டிசம்பரிலிருந்து போர் மூளும் வரை சுமார் 10,000 பிள்ளைகள் ரயிலும் கப்பலுமாகப் போய்ச் சேர்ந்தார்கள். பெற்றவர்களில் பெரும்பாலானவர்களுக்கு விசா கிடைக்கவில்லை. அம்மா வியன்னாவில், மகள் இங்கிலாந்தில், பெரியப்பா ஷாங்காயில், சித்தி பியூனஸ் அயர்ஸில் என்று ஆகிவிட்ட வீடுகளில் மிஞ்சியிருந்த ஒரே தொடர்பு தபால்தான். 1939 செப்டம்பரில் ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் நடுவே நேரடித் தபால் நின்றது. அப்புறம் ஸ்விட்சர்லாந்திலோ ஸ்வீடனிலோ இருந்த சொந்தக்காரர் வழியாக, லிஸ்பனில் தாமஸ் குக் நிறுவனம் வைத்திருந்த 506-ஆம் எண் தபால் பெட்டி வழியாக, 1941 டிசம்பர் வரை அமெரிக்கா வழியாக என்று கடிதங்கள் ஊரைச் சுற்றிப் போயின. ஷாங்காய்க்கு சைபீரிய ரயிலில் போய்க்கொண்டிருந்த தபால் 1941 ஜூனில் சோவியத் மீது ஜெர்மனி படையெடுத்ததோடு சரி. கடைசியில் மிஞ்சியது, ஜெனீவா வழியாகப் போன 25 சொல்லுக்கு மேல் எழுத முடியாத செஞ்சிலுவைப் படிவம்.

இந்தத் தடங்களை நாம் ஆல்பத்தில் அழகாக வரைபடம் போட்டுக் காட்டுகிறோம். எனக்கு அதில் குறை இல்லை, நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் கவருக்குள் இருந்த தாள் எங்கே போனது?

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மகளுக்கு அம்மா எழுதிய கடிதங்கள் மகளிடம் இருந்ததால் பிழைத்தன. மகள் அம்மாவுக்கு எழுதியவை? வியன்னாவில் அந்த வீட்டையே பிடுங்கிக்கொண்டார்கள், அம்மாவைக் கிழக்கே ரயிலேற்றிவிட்டார்கள், மகள் எழுதிய ஒரு வரிகூட மிஞ்சவில்லை. அதனால் இந்தக் கட்டுகளில் பெரும்பாலும் ஒரு பக்கக் குரல்தான் இருக்கும். இன்னொரு பக்கம் பதில்களுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. வழியில் கடிதம் தொலைந்துபோகும் என்று தெரிந்ததால் பல குடும்பங்கள் கடிதங்களுக்கு எண் போட்டன. "உன் 7-ஆம் கடிதம் வந்தது, 6 இன்னும் வரவில்லை, பல்வலி என்று எழுதியிருந்தாயே, டாக்டரிடம் போனாயா" என்கிற மாதிரி ஒரு வரி இருந்தால், அழிந்துபோன 7-ஆம் கடிதத்தில் என்ன இருந்தது என்பதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். வரிசையாக முப்பது கடிதம் இருந்தால் அந்தப் பிள்ளை எழுதியதை ஓரளவு திரும்பக் கட்டலாம், எந்த மாதம் பயம் கூடியது, எப்போது எதைச் சொல்லாமல் மறைக்க ஆரம்பித்தார்கள் என்றெல்லாம் பார்க்கலாம். அதிலிருந்து பன்னிரண்டை உருவி விற்றுவிட்டால் ஒன்றும் முடியாது. முத்திரை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் முடியாது.

என்னிடம் இருக்கிற ஒரு செஞ்சிலுவைப் படிவத்தைப் பற்றிச் சொல்கிறேன். 1942 தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து மகள் அனுப்பியது. முன்பக்கம் டைப் அடித்த எழுத்து: பள்ளி நன்றாக இருக்கிறது, கோட்டு கிடைத்துவிட்டது, கவலைப்பட வேண்டாம் என்கிற அளவில்தான். குறுக்கே ஜெனீவாவின் சிவப்பு முத்திரை. திருப்பினால் அம்மாவின் பென்சில் எழுத்து, நெருக்கி நெருக்கி எழுதியது. பதிலை அதே தாளின் பின்பக்கம்தான் எழுத வேண்டும் என்பது விதி, அதனால்தான் இந்த ஒரு தாளில் மட்டும் இரண்டு பேரும் இருக்கிறார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை, அப்பாவின் முத்தங்கள், சீக்கிரம் பயணம் கிளம்புகிறோம், எழுதிக்கொண்டே இரு. போய்த் திரும்ப ஐந்து மாதம் ஆகியிருக்கிறது. 1941, 1942-இல் வியன்னாவிலிருந்து ஒரு யூதக் குடும்பம் பயணம் கிளம்புகிறோம் என்று எழுதினால் அது எந்தப் பயணம் என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஆண்டுகளில் அங்கிருந்து ரயில்கள் வூட்ஜ், ரீகா, மின்ஸ்க், தெரேசியன்ஷ்டாட் என்று, யூதர்களை அடைத்துவைத்த கெட்டோக்களுக்கும் கொலைக்களங்களுக்கும் போயின.

இதை எனக்கு விற்ற டீலரின் பட்டியலில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? "செஞ்சிலுவைப் படிவம், ஆஸ்திரியா, ஜெனீவா முத்திரை, இரட்டைத் தணிக்கை, நல்ல நிலை." அதே குடும்பத்தின் மற்ற காகிதங்கள் எங்கே என்று கேட்டேன். தனித்தனியாகப் போய்விட்டன என்றார், யாரிடம் என்று குறித்து வைக்கவில்லை. அந்தப் பெண் வளர்ந்து பெரியவளாகி, சாகும்வரை ஒன்றாக வைத்திருந்த கட்டு அது.

ஒன்றாக இருப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் வார்சா கெட்டோவை நினைத்துப் பாருங்கள். இம்மானுவேல் ரிங்கெல்பிளம் என்கிற வரலாற்று ஆசிரியரும் அவருடைய தோழர்களும் பட்டினிக்கும் கைது பயத்துக்கும் நடுவே ரகசியமாகக் காகிதம் சேர்த்தார்கள். ரேஷன் அட்டை, பள்ளிக் கட்டுரை, சுவரொட்டி எல்லாம் உண்டு. வெளியூர்களிலிருந்து வந்த தபால் அட்டைகளும் உண்டு. ஹெல்ம்னோ கொலைக்களத்தைப் பற்றிச் சொந்தக்காரர்களை எச்சரித்து 1942 தொடக்கத்தில் எழுதப்பட்ட கடிதங்களும் அதில் இருக்கின்றன. ஒரு அட்டையை மட்டும் பார்த்தால் ஏதோ ஒரு ஊரின் துயரம். பல ஊர் அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் இது திட்டம் போட்டு நடக்கும் கொலை என்பது அவர்களுக்கு விளங்கியது. தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் அடைத்து மண்ணுக்கடியில் புதைத்தார்கள். 1946-இல் பெட்டிகளும் 1950-இல் கேன்களும் கிடைத்தன. தகரப் பெட்டிக்குள் ஈரம் புகுந்து பல தாள்கள் ஒட்டிப்போயிருந்தன, அப்படியும் அடுக்கடுக்காகப் பிரித்து எடுத்தார்கள்.

நாம் இதில் வேண்டாதவர்கள் என்று நான் சொல்லவே இல்லை. உண்மையில் ஆவணக்காப்பகங்களுக்கு நம் கண் தேவை. தேதி போடாத ஒரு கவரில் அனுப்புநர் பெயருக்கு நடுவே "சாரா" என்றோ "இஸ்ரேல்" என்றோ இருந்தால், அந்தப் பெயர்களை யூதர்கள் மேல் சட்டம் போட்டுத் திணித்தது 1939 ஜனவரி 1 முதல், எனவே கவர் அதற்குப் பிந்தியது என்று நாம் உடனே சொல்லிவிடுவோம். எந்தத் தணிக்கை ஒட்டு எந்த ஊர் அலுவலகத்துடையது, எந்த மாதம் எந்தக் கட்டணம், எது போலி என்பதெல்லாம் நம் ஆட்களுக்கு அத்துப்படி. கெட்டோ, முகாம் தபால்களில் போலிகள் எவ்வளவு மலிந்துகிடக்கின்றன என்று எல்லாருக்கும் தெரியும். தெரேசியன்ஷ்டாட்டுக்குப் பார்சல் அனுப்ப 1943-இல் வெளியான, போலிகள் மலிந்த அனுமதித் தபால்தலை ஒன்று போதாதா உதாரணத்துக்கு? ஒரு குடும்பக் கட்டுக்குள்ளேயே இருக்கிற காகிதம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். தனியாக அலைகிற கவர்தான் போலிக்காரனுக்கு வசதி. கட்டைக் காப்பது டீலர்களுக்கும் லாபம்தான் என்பேன்.

அடுத்தது தண்ணீர். தயவுசெய்து இந்தக் கவர்களிலிருந்து தபால்தலையை ஊறவைத்து எடுக்காதீர்கள். அந்தக் காலத்தில் பரவலாக இருந்த காப்பியிங் பென்சில் பார்ப்பதற்குச் சாதாரணப் பென்சில் மாதிரி இருக்கும், ஈரம் பட்டால் ஊதாவாகக் கரைந்து ஓடிவிடும். பிரான்சின் குர்ஸ் முகாமிலிருந்தோ வேறெங்கிருந்தோ எழுதிய கடைசி வரி ஒரு கிண்ணம் தண்ணீரில் போய்விடும், திரும்ப வராது. போர்க்காலத் தாள் மரக்கூழில் செய்த மட்டமான தாள், மடிப்பில் சும்மாவே ஒடியும். லேமினேஷன் கூடாது. செல்லோ டேப் கூடாது, பத்து வருஷத்தில் மஞ்சளாகி எழுத்தையும் தின்றுவிடும். பிவிசி கவர்களும் ஆகாது. அமிலமில்லாத தாளுறை, இல்லாவிட்டால் பாலியெஸ்டர் உறை. துருப்பிடித்த கிளிப்பை இழுக்காமல் மெல்லக் கழற்றுங்கள். நம் சென்னைக் காற்றின் ஈரத்தையும் ராமபாணப் பூச்சியையும் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பரணில் வேண்டாம், வெளிச்சுவரை ஒட்டிய பீரோவில் வேண்டாம்.

விற்றே ஆக வேண்டும் என்கிற நிலைமை சிலருக்கு வரும், புரிகிறது. அப்போதும் விற்பதற்கு முன்னால் கவரின் இரண்டு பக்கம், கடிதத்தின் எல்லாப் பக்கம், ஓரத்தில் கிறுக்கியது உட்பட ஸ்கேன் செய்யுங்கள். யாரிடம், எப்போது வாங்கினீர்கள் என்று எழுதி வையுங்கள். கட்டில் இருந்த வரிசை கலையாமல் எண் போடுங்கள். அந்த ஸ்கேனை வாங்க ஆட்கள் இருக்கிறார்கள்: எருசலேமில் ஹோலோகாஸ்ட் எனப்படும் யூத இனப்படுகொலையின் நினைவகமான யாட் வஷெம், லண்டனில் வீனர் ஹோலோகாஸ்ட் நூலகம், நியூயார்க்கில் லியோ பெக் இன்ஸ்டிடியூட், வாஷிங்டனில் ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகம். யாட் வஷெம் 2011 முதல் வீடுகளில் கிடக்கும் இப்படிப்பட்ட காகிதங்களையே ஒரு தனித் திட்டமாகத் திரட்டுகிறது. கொல்லப்பட்டவர்களில் அவர்கள் திரட்டிய பெயர்கள் 2025-இல் 50 லட்சத்தைத் தொட்டன. மீதியைத் தேடுகிறார்கள், ஒரு கவரின் பின்பக்க முகவரிகூட ஒரு பெயரைக் கொடுக்கலாம். ஜெர்மனியில் உள்ள ஆரோல்சன் ஆவணக்காப்பகம் முகாம்களில் பறித்த மோதிரம், கடிகாரம், புகைப்படங்களை 2016-லிருந்து குடும்பங்களைத் தேடிப்பிடித்துத் திருப்பிக் கொடுத்துவருகிறது. அவர்கள் இணையத் தேடலில் பெயரைப் போட்டுப் பார்க்கக் கட்டணம் எதுவும் இல்லை. வாரிசு யாராவது கிடைத்தால் முதலில் அவர்களிடம் கேளுங்கள், எதை வெளியிடலாம் என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள்தான்.

நமக்கென்ன இதில் என்று யாரும் சொல்லிவிட முடியாது. நாஜிகளிடமிருந்து தப்பி இந்தியாவுக்கும் வந்தார்கள். ஆகாசவாணியின் அடையாள இசையை அமைத்த வால்டர் காஃப்மன் 1934-இல் பம்பாய் வந்த யூதர்தான். அதே ஆண்டு அங்கே யூத நிவாரணச் சங்கமும் தொடங்கப்பட்டது. போர் தொடங்கியதும் ஜெர்மன் பாஸ்போர்ட் வைத்திருந்த ஒரே காரணத்துக்காக அகதிகளையும் பிரிட்டிஷ் அரசு எதிரி நாட்டவர் என்று பிடித்து அடைத்தது, அப்புறம் பலரை விட்டது. அவர்கள் பெயருக்கு வந்த, இந்தியத் தணிக்கை ஒட்டுப் போட்ட கவர்கள் நம் நாட்டு டீலர்களின் அட்டைப் பெட்டிகளிலும் வந்து விழலாம். அப்படி ஒன்று கையில் கிடைத்தால் தணிக்கை எண்ணோடு பெயரையும் படியுங்கள்.

நடுவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எக்ஸிபிட் பக்கத்தில் வழித்தடம், கட்டணம், அரிதான தன்மை எல்லாம் எழுதியிருந்தால் மதிப்பெண் தருகிறீர்கள். யார் யாருக்கு எழுதியது, உள்ளே என்ன இருக்கிறது, கட்டின் மற்ற பகுதி எங்கே இருக்கிறது என்று எழுதுகிறவருக்கும் கொடுங்கள். மதிப்பெண் உண்டு என்றால் நம் ஆட்கள் அடுத்த வருஷமே எழுத ஆரம்பித்துவிடுவார்கள்.

பழைய ஜெர்மன் கையெழுத்தைப் படிக்க முடியவில்லை என்பதை ஒரு காரணமாகச் சொல்ல வேண்டாம். டிரான்ஸ்கிரிபஸ் மாதிரி மென்பொருள் இப்போது அதை ஓரளவு நன்றாகவே படித்துத் தருகிறது, மிச்சத்தைப் படித்துக் கொடுக்க மேலே சொன்ன இடங்களில் கேட்கலாம். அடுத்த கூட்டத்துக்கு என் ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். இப்படிப்பட்ட கவர் ஒன்றே ஒன்று இருந்தாலும் கொண்டுவாருங்கள், உள்ளே இருக்கிற தாளோடு.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி