வேலூரில் நிழல் யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கத்திரி வெயில் நாள்களில் வேலூரின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது நமக்குப் புதிதல்ல. ஆனால், அந்த வெயிலில் மிகவும் வாடுவோர் நகரின் சூட்டைக் கூட்டுவதில் மிகக் குறைந்த பங்குள்ளவர்கள் என்பதைச் சாலைகளைத் திட்டமிடுவோர் போதிய அளவு கருதுவதாகத் தெரியவில்லை. தார்ச்சாலையும் கான்கிரீட்டும் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் வெளிவிடுகின்றன. குளிர்சாதன அறைகளின் அனல்காற்றும் தெருவுக்கே வந்து சேர்கிறது. அந்தத் தெருவில்தான் தள்ளுவண்டி வியாபாரிகளும், தூய்மைப் பணியாளர்களும், மருத்துவமனைக்கும் விடுதிக்குமாக ஆற்காடு சாலையில் நடக்கும் வெளிமாநில நோயாளிகளின் உறவினர்களும் பகலைக் கழிக்கிறார்கள். தகரக் கூரையின் கீழ் வாழ்வோருக்கோ இரவிலும் ஓய்வில்லை.

தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற நெறி நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவருடைய ஆதாயத்துக்கு இன்னொருவர் உடல்நலத்தை விலையாகக் கொடுக்கலாகாது என்ற அந்த நியாயம், ஆற்று நீருக்குப் பொருந்துவதுபோல் தெருவின் வெப்பத்துக்கும் பொருந்த வேண்டும். தமிழக அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்க முன்வந்தது பெரிதும் வரவேற்கத்தக்கது. எனினும், உயிரைக் காக்கும் வேலை சாலையின் வரைபடத்திலேயே தொடங்க வேண்டும்.

மேற்குப் பக்கம் தடுப்போ மரமோ இல்லாத பேருந்து நிழற்குடையில், பிற்பகல் வெயில் கூரைக்குக் கீழே சாய்ந்து நுழைவதால், காத்திருப்போருக்கு நிழல் கிடைப்பதில்லை. எஃகு இருக்கையோ உட்கார முடியாதபடி கொதிக்கிறது. நடைபாதை அமைக்கும்போது மரத்தின் அடிவரை கல் பதித்துவிட்டால், வேர் நீரின்றி வாடி, உள்ள நிழலும் போய்விடும். ஆகவே, சாலைப் பணிக்கு ஒப்பந்தம் கோரும் முன்பே, அதிகமானோர் நடக்கும் தெருக்களையும் தகரக் கூரை வீடுகள் நெருங்கிய பகுதிகளையும் வார்டு வாரியாகக் கணக்கெடுத்து, வேம்பும் புங்கனும் நடுவதற்கான மண்பரப்பையும், கூரைகளுக்கு வெப்பத்தைத் திருப்பும் வெள்ளைப் பூச்சுக்கான நிதியையும் முதலில் அங்கேயே ஒதுக்க வேண்டும். வசதியான குடியிருப்புகளில் ஏற்கெனவே மரங்கள் உள்ளன. அவற்றின் முறை பின்னர் வரட்டும்.

மரம் வளர ஆண்டுகள் ஆகும். ஆனால், காலையும் மாலையும் மட்டும் திறந்திருக்கும் பூங்காக்களை, நிழல் மிகவும் தேவைப்படும் நண்பகலிலும் திறந்துவைத்துக் குடிநீரும் வைப்பதற்கு ஓர் உத்தரவு போதும். அதை இந்தக் கோடையிலேயே பிறப்பிக்குமாறு மாநகராட்சியைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.