ஏசாயா எத்தனை பேர்? இறையியல் படிக்கும் தம்பிக்கு ஒரு கடிதம்

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

ஸ்தோத்திரம். விடுமுறைக்குக் காரைக்குடி வந்திருந்தபோது வாலிபர் கூட்டத்தில் நீ பேசியது இந்நேரம் தேவகோட்டை வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். "ஏசாயா புத்தகத்தை எழுதியது ஒருவர் இல்லை, மூன்று பேர். அறிஞர்கள் எல்லாரும் இதை ஒத்துக்கொண்டாயிற்று" என்றாயாம். உன் படிப்புக்குக் கொடுத்துவரும் காணிக்கையை நிறுத்திவிடலாமா என்று மூப்பர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். போதகர் ஐயா இரண்டு பக்கமும் பேச முடியாமல் தவிக்கிறார்.

நீ படிப்பதில் எனக்கு வருத்தம் இல்லை, நன்றாகப் படி. நீ சொன்ன விதத்தில்தான் வருத்தம். வகுப்பில் உனக்குக் கற்றுத்தருவதில் மூன்று வகைச் சங்கதிகள் கலந்து வருகின்றன. சுவடியிலும் வசனத்திலும் யார் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரிவது ஒன்று. அதை வைத்து அறிஞர்கள் செய்யும் ஊகம் இன்னொன்று. வேதத்தைத் திறப்பதற்கு முன்பே ஒருவர் மனதில் எடுத்துவைத்திருக்கும் தீர்மானம் மூன்றாவது. இவற்றைப் பிரிக்காமல் கொட்டினால் கேட்கிறவர்களுக்கு மூன்றாவது மட்டும்தான் காதில் விழும். "தீர்க்கதரிசனம் என்பதே கிடையாது என்கிறான்" என்றுதான் மூப்பர்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னார்கள். நீ அப்படிச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

ஏசாயாவையே எடுத்துக்கொள்வோம். நோட்டில் மூன்று பத்தி போடு. முதல் பத்தியில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுது. 1:1 உசியா, யோதாம், ஆகாஸ், எசேக்கியா காலத்தைச் சொல்கிறது, அது கி.மு. 8ஆம் நூற்றாண்டு. முதல் 39 அதிகாரங்களில் பெரிய பகைவன் அசீரியா. 40ஆம் அதிகாரத்திலிருந்து பேச்சு பாபிலோனில் சிறைப்பட்டவர்களைப் பார்த்துத் திரும்புகிறது. 44:28இலும் 45:1இலும் பெர்சிய ராஜா கோரேசின் பெயரே வருகிறது. அவன் பாபிலோனைப் பிடித்தது கி.மு. 539இல். 64:11இல் ஆலயம் ஏற்கெனவே எரிந்து கிடக்கிறது. இந்தப் பத்தியில் சண்டைக்கே இடமில்லை. நம் சபையில் வாசிக்கும் பழைய தமிழ் வேதாகமமான பழைய திருப்புதலைக் கையில் வைத்துக்கொண்டே மூப்பர்களுக்கு இத்தனையையும் காட்டலாம்.

இரண்டாம் பத்தி ஊகம். 40 முதல் 55 வரை சிறையிருப்பில் இருந்த ஒருவர், 56 முதல் 66 வரை திரும்பி வந்த பிறகு எழுதியவர் அல்லது எழுதியவர்கள் என்பது 1892இல் ஜெர்மன் அறிஞர் பெர்ன்ஹார்ட் டூம் தந்த பிரிவு. இதற்குப் பலமான காரணம் கோரேசின் பெயர் அல்ல. எருசலேம் பாழாகப்போகிறது என்று அந்தப் பகுதி முன்னறிவிக்கவில்லை. பாழாகிக் கிடக்கும் நகரத்தின் ஜனத்தை அது தேற்றுகிறது. எதிர்த்தரப்பின் வாதத்தையும் இதே பத்தியில் எழுது. 'இஸ்ரவேலின் பரிசுத்தர்' என்ற பட்டம் வேதத்தில் மற்ற இடங்களில் அரிது. ஏசாயாவில் இரண்டு பாதியிலும் பரவிக்கிடக்கிறது. 39:6 பாபிலோனுக்குக் கொண்டுபோகப்படுவதை எசேக்கியாவின் காலத்திலேயே சொல்கிறது. யோவான் 12:38-41 ஏசாயாவின் 53ஆம் அதிகாரத்தையும் 6ஆம் அதிகாரத்தையும் அடுத்தடுத்து எடுத்து, இரண்டையும் ஏசாயாவே சொன்னதாக எழுதுகிறது.

மூன்றாம் பத்தியில் "வருங்காலத்து ராஜாவின் பெயரை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது" என்பது வரும். இது சுவடியில் கண்டுபிடித்ததல்ல, சுவடிக்கு வெளியிலிருந்து வந்த நம்பிக்கை. தானியேல் புத்தகத்தைப் பற்றி 3ஆம் நூற்றாண்டிலேயே பொர்பிரி இதே ரீதியில் வாதாடினார்; அவர் கிறிஸ்தவ விசுவாசத்தை எதிர்த்து எழுதியவர். ஒரு விளக்கவுரை இந்த மூன்றாம் பத்திக்காரணத்தின்மேல் மட்டும் நின்றால் அதை நீ ஏற்கவேண்டியதில்லை. ஆனால் இரண்டாம் பத்தியின் மேல் நிற்கும் ஆசிரியரை "அவிசுவாசி" என்று தள்ளவும் கூடாது. கோரேசின் பெயரைக் கர்த்தர் முன்னமே சொல்ல வல்லவர் என்று முழு மனதோடு விசுவாசித்துக்கொண்டே, இந்த அதிகாரங்கள் யாரைப் பார்த்துப் பேசுகின்றன என்ற கேள்விக்காகச் சிறையிருப்புக் காலத்தை ஏற்கிறவர்கள் உண்டு.

நம் பக்கத்திலும் ஒரு தவறு நடக்கிறது. 1947இல் சவக்கடல் அருகே கும்ரான் குகைகளில் கிடைத்த பெரிய ஏசாயா சுருளில் 39க்கும் 40க்கும் நடுவே பெரிய இடைவெளி இல்லை, 39 முடிகிற அதே பத்தியின் கடைசி வரியில் 40ஆம் அதிகாரம் தொடங்குகிறது, ஆகவே ஒரே ஆசிரியர்தான் என்று பிரசங்கங்களில் அடிக்கடி சொல்கிறார்கள். அந்தச் சுருள் கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்தக் காலத்தில் புத்தகம் ஒன்றாகவே வாசிக்கப்பட்டது என்பதை மட்டும் அது காட்டும். அதற்கு நானூறு ஆண்டுக்கு முன் என்ன நடந்தது என்பதை அது சொல்லாது. மூப்பர்கள் இந்த வாதத்தைக் கொண்டுவந்தால் மரியாதையாக இதைச் சொல்லு. உன் பக்கத்து வாதம் தவறாக இருந்தாலும் இதே மாதிரி ஒத்துக்கொள்.

அடுத்து 1 யோவான் 5:7. இது ஊகம் அல்ல, சுவடி. "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்தஆவி" என்று நம் பழைய திருப்புதலில் இருக்கிறது, பிற்கால மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் இல்லை. வெட்டிவிட்டார்கள் என்றுதான் ஊரில் பேச்சு. நடந்தது வேறு. பழைய கிரேக்கச் சுவடிகளில் இந்த வரி கிடையாது. லத்தீன் வழியில்தான் வளர்ந்தது. எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516இலும் 1519இலும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் இதைச் சேர்க்கவில்லை. பிறகு இந்த வரி உள்ள ஒரு கிரேக்கச் சுவடியைக் காட்டவே, 1522 பதிப்பில் சேர்த்தார். அந்தச் சுவடியும் 16ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டதுதான். அந்த அச்சு மரபு நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்புக்கும் வந்து சேர்ந்தது. "ஒரு சுவடி காட்டினால் சேர்க்கிறேன்" என்று எராஸ்மஸ் வாக்குக் கொடுத்த கதையை வகுப்பில் கேட்டிருப்பாய். அதற்கு ஆதாரம் இல்லை, நீ அதைத் திருப்பிச் சொல்லாதே.

இதைச் சபைக்குச் சொல்ல நம் ஊரிலேயே நல்ல வழி இருக்கிறது. கம்பன் கழகம் 1939இல் காரைக்குடியில் சா. கணேசனால் தொடங்கப்பட்டது, கம்பன் திருவிழாவுக்குப் போகாத வீடு இங்கே குறைவு. கம்பராமாயணப் பதிப்பைத் திறந்தால் பாடபேதங்கள் அடிக்குறிப்பில் இருக்கும், பிறர் இடையில் சேர்த்தவை என்று கருதப்படும் மிகைப் பாடல்கள் தனியாகக் கடைசியில் இருக்கும். அப்படிப் பிரித்ததால் கம்பனைக் குறைத்துவிட்டார்கள் என்று யாரும் சொல்வதில்லை. கம்பன் எழுதியதைக் காப்பாற்றவே பிரித்தார்கள். சுவடிகளை ஒப்பிட்டு மூலத்தின் வாசகத்தைத் தேடும் பாடத்திறனாய்வும் இதே வேலைதான். மூப்பர்களில் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர் இருக்கிறார் இல்லையா, முதலில் அவரிடம் போ.

1 யோவான் 5:7 இல்லையென்றால் திரித்துவம், அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஒரே தேவன் என்ற உபதேசம், விழுந்துவிடுமா என்று கேட்பார்கள். விழாது. 4ஆம் நூற்றாண்டில், குமாரன் படைக்கப்பட்டவர் என்று போதித்த ஆரியுவுக்கு எதிராக வாதாடிய கிரேக்கப் பிதாக்கள் இந்த வசனத்தை எடுக்கவே இல்லை, அவர்கள் கையில் அது இல்லை. அது இல்லாமலேயே 325இல் நிசேயா சங்கமும் 381இல் கான்ஸ்தாந்திநோபிள் சங்கமும் அறிக்கை செய்தன. ஆகவே வீடு வீடாக வந்து திரித்துவத்தை மறுக்கிறவர்களிடம் இந்த வசனத்தைக் காட்டாதே என்று வாலிபர்களுக்குச் சொல்லிக்கொடு. எதிரில் நிற்பவருக்கு இதன் வரலாறு தெரிந்திருந்தால் நம் பிள்ளைகள் அங்கேயே வாயடைத்துப்போவார்கள். மத்தேயு 28:19, 2 கொரிந்தியர் 13:14 இரண்டும் போதும்.

மாற்கு 16:9-20 சினாய், வத்திக்கான் சுவடிகள் இரண்டிலும் இல்லை. இரண்டும் 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சர்ப்பங்களை எடுப்பது, சாவுக்கேதுவானதைக் குடிப்பது என்ற உபதேசத்தை அதன்மேல் மட்டும் கட்டக்கூடாது. நம் வேதத்தில் யோவான் 8இல் வரும் விபசார ஸ்திரீயின் சம்பவம் சில சுவடிகளில் லூக்கா 21:38க்குப் பின், சிலவற்றில் யோவானின் கடைசியில், பழையவற்றில் எங்குமே இல்லை. அதைப் பிரசங்கிப்பதை நிறுத்தச் சொல்லமாட்டேன். இயேசுவைப் பற்றிய மிகப் பழைய நினைவு அது என்று எண்ணுகிறவர்கள் பலர். உன் கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அதைப் பதிப்பித்த யுபிஎஸ் (ஐக்கிய வேதாகமச் சங்கங்கள்) குழு அடிக்குறிப்பில் ஏ, பி, சி, டி என்று போட்டிருப்பது அவர்கள் தங்கள் தீர்ப்பில் எவ்வளவு உறுதியாக இருக்கிறார்கள் என்பதற்கு. ஏ என்றால் சந்தேகம் இல்லை. டி உள்ள இடத்தில் அடித்துப் பேசாதே.

ஆதியாகமம் முதல் உபாகமம் வரையுள்ள ஐந்தாகமத்துக்கு வருகிறேன். நான்கு மூல ஆவணங்கள் என்று நோட்ஸ் கொடுத்திருப்பார்கள்: யா (தேவனை யாவே, அதாவது 'கர்த்தர்', என்பது), ஏ (ஏலோகிம், அதாவது 'தேவன்', என்பது), உபா (உபாகமம்), ஆசா (ஆசாரியர்கள் எழுதியது). தேர்வுக்கு எழுது, எழுதாமல் தேற முடியாது. ஆனால் 1878இல் ஜெர்மன் அறிஞர் வெல்ஹவுசன் அதற்குக் கொடுத்த வடிவம் இப்போது எல்லாராலும் ஏற்கப்பட்டது அல்ல. 1970களின் நடுவில் வான் செட்டர்ஸ், ஷ்மித், ரெண்ட்டார்ஃப் ஆகியோர் கேள்வி எழுப்பிய பின் ஐரோப்பாவில் பலர் அதைக் கைவிட்டார்கள். ஆசாரியப் பகுதி, மற்றது என்ற பிரிவில்தான் அதிக ஒற்றுமை. ஆகவே "எல்லா அறிஞர்களும் ஒத்துக்கொண்டது" என்று நீ வாலிபர்களிடம் சொன்னது உன் துறைக்குள்ளேயே நிற்காது.

அதை நீயே சோதித்துப் பார். ஆதியாகமம் 6:5 முதல் 9:17 வரை நகல் எடு. 'கர்த்தர்' வரும் இடம் சிவப்பு, 'தேவன்' வரும் இடம் நீலம். மிருகங்களின் எண்ணிக்கைக்கு அடிக்கோடு: 6:19இல் ஒவ்வொரு ஜோடு, 7:2இல் சுத்தமானவற்றில் எவ்வேழு ஜோடு. நாட்களுக்கு வட்டம்: 7:17இல் நாற்பது, 7:24இல் நூற்றைம்பது. இரண்டு இழைகள் கண்ணுக்குத் தெரியும். ஆனால் 7:8-9க்கு வந்ததும் பென்சில் நிற்கும். சுத்தமானதும் சுத்தமில்லாததும் என்ற சிவப்பு இழையின் பேச்சும், ஜோடு ஜோடாக என்பதும், 'தேவன்' என்ற பெயரும் அங்கே சேர்ந்தே வருகின்றன. 7:16இல் தேவன் கட்டளையிட்டபடியே மிருகங்கள் உள்ளே போகின்றன, அதே வசனத்தில் கர்த்தர் கதவை அடைக்கிறார். பகுத்துப் பார்க்கிறவர்கள் இந்த வசனங்களைத் துண்டாக்கவேண்டியிருக்கிறது, அல்லது பிறகு தொகுத்தவர் கைவைத்தார் என்று சொல்லவேண்டியிருக்கிறது. 1978இல் கோர்டன் வென்ஹம் என்ற அறிஞர் இதே பகுதியை 8:1ஐ நடுவாக வைத்து, நாட்கள் ஏழு, நாற்பது, நூற்றைம்பது என்று ஏறிப் பிறகு அதே வரிசையில் இறங்குவதைக் காட்டினார். எது சரி என்று நீ முடிவு கட்டுமுன் அந்தத் தாளை மேசையில் ஒரு வாரம் வைத்திரு.

"மோசே எழுதவில்லையா" என்று மூப்பர் கேட்டால் வெல்ஹவுசனில் தொடங்காதே. உபாகமம் 34ஐத் திறந்து, மோசே மரித்ததையும் அடக்கம்பண்ணப்பட்டதையும் வாசிக்கச் சொல். கடைசி எட்டு வசனங்களை யோசுவா எழுதினான் என்ற கருத்து யூதர்களின் தல்மூத்திலேயே இருக்கிறது. பிறகு ஆதியாகமம் 36:31, "இஸ்ரவேல் புத்திரர்மேல் ராஜாக்கள் ராஜ்யபாரம் பண்ணாததற்கு முன்னே". இவ்வளவை அவர் தானாகவே வாசித்தால் மீதியை அவரே கேட்பார். மோசே தம்மைக் குறித்து எழுதினான் என்று இயேசுவே சொல்லும் யோவான் 5:46ஐ உன் பதிலில் விட்டுவிடாதே. அவர் மனதை அழுத்துவது அந்த வசனம்தான்.

நம் சபையார் 'வேதம் தவறற்றது' என்று சொல்வதற்கு 1978இல் சிகாகோவில் ஒரு விரிவான அறிக்கை எழுதப்பட்டது. அதன் 10ஆம் பிரிவு, தேவ ஏவுதல் மூல எழுத்துக்களுக்கே நேராகப் பொருந்தும் என்கிறது. 13ஆம் பிரிவு, முழு எண்ணாகச் சொல்வதும் பொருள்வாரியாக அடுக்குவதும் தவறு ஆகாது என்கிறது. உலகப் பழமைவாதிகளே இவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள். நம் மூப்பர்கள் அதைவிட இறுக்கமாகப் பிடித்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே பல குடும்பங்கள் முதல் தலைமுறை விசுவாசிகள். உறவும் பங்கும் இழந்து வந்தவர்கள் கையில் மிஞ்சியது அந்தக் கறுப்பு அட்டைப் புத்தகம். அதில் ஒரு வரி சந்தேகம் என்று நீ சொல்லும்போது அவர்கள் இழந்ததெல்லாம் வீணா என்றுதான் அவர்களுக்குக் கேட்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு பேசு.

ஒடுக்கப்பட்டவர்களின் பக்கம் நின்று விசுவாசத்தைப் பேசும் தலித் இறையியலை இந்தச் சண்டையோடு சேர்த்துக் கட்டாதே. 1981இல் பெங்களூரில் இறையியலாளர் அர்விந்த் நிர்மல் எழுப்பிய கேள்வி சுவடியைப் பற்றியது அல்ல, சபையைப் பற்றியது. ஆமோஸையும் யாக்கோபு 2ஐயும் வசனம் வசனமாக எடுத்துப் பேசினால் மிகக் கண்டிப்பான விசுவாசியும் அதற்குப் பதில் சொல்லியாகவேண்டும்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் வரும்போது பிரசங்க பீடத்தில் இவை எதையும் எடுக்காதே. வேதபாட வகுப்பு கேள், பத்துப் பேர் போதும். பழைய திருப்புதலும் திருவிவிலியமும் ஆளுக்கு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரே ஒரு பகுதி. மாற்கு 16இல் தொடங்கு, அடிக்குறிப்பை அவர்களே வாசிக்கட்டும். "தெரியவில்லை" என்று சொல்லவேண்டிய இடத்தில் சொல். காணிக்கை விஷயத்தை நான் மூப்பர்களிடம் பேசிக்கொள்கிறேன். அதற்கு முன் நீ அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதி, "எல்லா அறிஞர்களும்" என்று சொன்னதை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள். ஏசாயாவைப் பற்றி நீ படித்த மற்றதைத் திரும்பப் பெறவேண்டாம்.

கர்த்தருக்குள்,
உன் அண்ணன்