பண்ணையாள், படியாள், வெட்டி: காவிரிப் படுகைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் தமிழும் சமூக அறிவியலும் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

அடிமைமுறை என்றாலே கப்பலும் கரும்புத் தோட்டமுமாக, எங்கோ கடல் கடந்து நடந்த கதையாகவே நம் பிள்ளைகள் எண்ணிக்கொள்கிறார்கள். நம் வயல்வெளியில் அதற்குப் பல பெயர்கள் வழங்கின. ஒவ்வொன்றும் வெவ்வேறு வகைக் கட்டினைக் குறித்ததால், அவற்றைத் தனித்தனியே கற்பிக்குமாறு கேட்டுக்கொள்ளவே இம்மடல்.

'அடிமை' என்ற சொல்லின் வேர் 'அடி'. அடியாரும் அடியேனும் அதே வேரினர். பக்தியில் பெருமையாக வழங்கிய அச்சொல், வாழ்க்கையில் விலை குறிக்கப்பட்ட நிலையாகவும் இருந்தது. 1201ஆம் ஆண்டில், பஞ்சத்தில் உயிர் பிழைக்க வேண்டி, வேளாளர் ஒருவர் தம் இரு பெண்மக்களோடு 110 காசுக்குத் தம்மைக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைத் திருப்பாம்புரத்துக் கல்வெட்டு கூறுகிறது.

'வெட்டி' வேறு வகை. சோழர் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் இச்சொல், கூலியின்றிச் செய்தே தீரவேண்டிய ஊழியத்தைக் குறித்தது. வடமொழியின் 'விஷ்டி' என்பதன் திரிபு என்பர். பிணக்குழி வெட்டுவதால் வந்த பெயர் என்று பலரும் நினைக்கும் 'வெட்டியான்' என்பதையும் இவ்வூழியத்தோடு சேர்த்துப் பார்ப்பதே பொருத்தம் என்பது என் கருத்து. சுடுகாட்டு வேலையோடு வாய்க்கால் நீரைப் பார்த்துக்கொள்வது முதல் ஊரின் எடுபிடி வேலைகள் வரை அவர் தலையில்தான் விழுந்தன. இன்றோ வேலைவெட்டி இல்லாதவரை 'வெட்டிப்பயல்' என்று ஏசுகிறோம். கூலியில்லாமல் உழைத்தவரின் பெயர், உழைக்காதவருக்கு வசவாகிப்போனது.

பண்ணையாளைக் கட்டிப்போட்டவை கல்யாணத்துக்கு வாங்கிய கடனும், மிராசுதார் எனப்பட்ட நிலவுடைமையாளரின் நிலத்தில் போட்ட குடிசையும். தானியம் அளந்து கூலி பெற்றவர் படியாள். தாமதமாக வந்ததற்கும் எதிர்த்துப் பேசியதற்கும் சவுக்கடி விழுந்தது, சாணத்தைக் கரைத்த சாணிப்பால் புகட்டப்பட்டது. 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் முதலானோர் கீழத்தஞ்சையில் விவசாயிகள் சங்கம் கட்டியபோது எதிர்த்து நின்றது இவற்றைத்தான். 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர்ச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தின் பெயரிலேயே அச்சொல் ஏறியது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமோ, நாடெங்கும் வழங்கிய பெயர்களை அடுக்கும் பட்டியலில் படியாள், பண்ணையாள், வெட்டி மூன்றையும் சேர்த்தது. முதலிரண்டும் ஆங்கில எழுத்தில் 'படுயாள்', 'பண்ணயிலாள்' என்று உருத்திரிந்து கிடக்கின்றன. சரியான ஒலிப்பையாவது நம் வகுப்பறைகள் காப்பாற்றலாம்.

ஒரு வேண்டுகோள். இச்சொற்களில் சில இன்றும் சில பிள்ளைகளின் மேல் வசவாக எறியப்படுகின்றன. ஆகவே எந்தப் பிள்ளையையும், எந்தத் தெருவையும் சுட்டிக்காட்டிப் பாடம் நடத்தாதீர்கள். வேலை வாங்கியவர்களின் சொற்களையும் அதே பாடவேளையில் கற்பியுங்கள்: பரம்பரை உரிமையைக் குறிக்கும் அரபுச் சொல்லான 'மிராசு' எப்படி நம் ஊருக்கு வந்தது, பண்ணைக் காரியக்காரர் என்ன வேலை செய்தார், கடன் சீட்டில் என்ன எழுதப்பட்டது என்பவற்றையும் மாணவர்கள் கேட்டறியட்டும்.

அன்புடன்,
காவிரிக் கரையிலிருந்து ஒரு வாசகர்