அந்தத் திறப்பை எங்கள் கையில் தாருங்கள்

சுற்றுலா அபிவிருத்திக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிராமம் ஒன்றின் மாதர் சங்கச் செயலாளராக இதை எழுதுகிறேன். எங்கள் குளக்கட்டடியில் நிற்கும் பயணிகள் தரிப்பிடத்தைப் பற்றி உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. நீங்கள் வந்துதான் திறந்து வைத்தீர்கள். அன்று பின்னேரம் பூட்டியது இன்னும் பூட்டியபடியே கிடக்கிறது. மூன்று கடிதம் கொண்டுவந்து தந்தோம், மூன்றுக்கும் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுத் தந்தீர்கள். பதில் வரவில்லை.

போன சனிக்கிழமை கற்சிலைமடுவில் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனின் நினைவுக்கல்லைப் பார்த்துவிட்டு ஒரு பஸ் எங்கள் ஊரில் நின்றது. கனடாவிலிருந்து வந்த எங்கள் சனம்தான், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக. இறங்கினவுடன் கேட்ட முதல் கேள்வி மலசலகூடம் எங்கே என்பது. தரிப்பிடத்தின் கதவைத் தள்ளிப் பார்த்தார்கள். நான் என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்தது. மகள் வாளி வாளியாக அள்ளி வைக்க, ஒருவர் பின் ஒருவராக வேலியோடு நின்றார்கள்.

அவர்களில் எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா இருந்தார். முழங்கால் சத்திரசிகிச்சை செய்தவர், குந்த முடியாது. எங்கள் வீட்டில் இருப்பது குந்தும் கூடம். உள்ளே போன அம்மாவை அவருடைய மகளும் நானும் இரண்டு பக்கமும் தோளில் தாங்கிப் பிடித்தோம். வெட்கத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பிள்ளை, நான் பிறந்தது முள்ளியவளையில். கடைசியாக ஒருக்கால் பார்த்திட்டுப் போகலாமெண்டு வந்தனான்" என்றார். பூட்டிக் கிடக்கும் அந்தக் கட்டடத்துக்குள் கொமட் இருக்கிறது. அதற்குக் கல்லும் சீமெந்தும் சுமந்த கூலியாட்களில் என் மகனும் ஒருவன்.

அவர்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சங்கத்துப் பெண்கள் முதல்நாளே அடுப்பு மூட்டியிருந்தார்கள். புழுக்கொடியல், எள்ளுப்பாகு, அவித்த கச்சான், பாலைப்பழம், மோர். மர நிழலில் வாங்கு போட்டு அடுக்கி வைத்தோம். ஆனால் இருக்க இடமில்லை, கை கழுவத் தண்ணீர் இல்லை. அரை மணித்தியாலத்தில் பஸ் புறப்பட்டுவிட்டது. விற்றது சொற்பம். சங்கத்தில் அநேகமானோர் கணவரை இழந்தவர்கள். நுண்கடன்காரர் கிழமைக்குக் கிழமை படலையில் வந்து நிற்கும் வீடுகள் அவை. அந்த எள்ளுப்பாகு விற்றிருந்தால் ஒரு கிழமைக் கடனாவது தீர்ந்திருக்கும்.

அதனால்தான் கேட்கிறோம்: அந்தத் தரிப்பிடப் பூட்டின் திறப்பை எங்கள் கையில் தாருங்கள்.

கட்டடத்தை நடத்தக் கொடுப்பதற்குக் கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோர வேண்டும் என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். வெளியூர் முதலாளி எடுத்தால் வாடகை வரும் என்பது உங்கள் கணக்கு. போர் முடிந்த கையோடு ஏ9 வீதியோரத்தில் படையினர் தேநீர்க்கடைகள் நடத்தினார்கள். பஸ் பஸ்ஸாகச் சனம் இறங்கிச் சாப்பிட்டுப் போனது. ஊர்ச்சனம் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் வாசலில் நடக்கும் வியாபாரம் எங்களைத் தாண்டிப் போவதை இன்னொருமுறை பார்க்க எங்களால் முடியாது.

பார்ப்பதற்கு இங்கே ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் நல்லூரையும் நயினாதீவையும் பார்க்க மாங்குளத்தைத் தாண்டி நேரே போய்விடுகிறார்கள். மாங்குளத்தில் கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவுக் கடலுக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். வழியில் தான்தோன்றீஸ்வரர் கோயில், முள்ளியவளை, வற்றாப்பளை அம்மன் கோயில், நந்திக்கடல் களப்பு. வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்காகக் கடல்நீர் எடுத்து வந்து அந்த உப்பு நீரில் விளக்கெரிப்பதை வேறு எங்கே காட்டுவீர்கள்? பொங்கலுக்கு நாட்டின் எல்லாப் பக்கமிருந்தும் சனம் வந்து குவிகிறது, விடிந்ததும் கலைந்து போகிறது. மற்ற நாட்களில் அந்த வீதியில் ஒரு பிளேன்டீ விற்பதே பாடு.

கற்சிலைமடுக் கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தவன் பண்டாரவன்னியன். அதே வருடம் ஒக்ரோபர் 31 அன்று அவனை வெள்ளைக்காரத் தளபதி ட்ரீபேர்க் தோற்கடித்தார் என்று சொல்லும் கல் அது. வென்றவனின் வெற்றியைச் சொல்லும் கல்லுக்குத் தோற்றவனின் ஊர்ச்சனம் மாலை போடுகிறது. இந்தக் கதையை அந்த இடத்தில் நின்று சொல்ல ஒரு ஆள் வேண்டாமா? எங்கள் ஊரில் உயர்தரம் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். யானை பிடித்த அரியாத்தையின் கதையைப் பாட்டாகவே சொல்லக்கூடிய கிழவிகள் இருக்கிறார்கள். கோவலன் கூத்து ஆடிய அண்ணாவிமார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கப் பணமில்லை என்கிறீர்கள். கட்டடத்துக்கு இருந்த பணம் இதற்கு ஏன் இல்லை? பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலை பஸ் ஏறி விடியப் போய் இருட்டி வருகிறார்கள். வயலை அளந்து காடு என்று எல்லைக்கல் நடவும், கரைவலை போட்டவனைத் தடுக்கவும் மட்டும் ஆட்கள் உடனே வந்துவிடுகிறார்கள்.

கோபத்தில் விஷயம் எங்கேயோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களோடு மல்லுக்கட்ட இதை எழுதவில்லை.

நாங்கள் கேட்பது சிறிய காரியம். ஆறு மாதத்துக்குக் கட்டடத்தை எங்கள் சங்கத்திடம் தாருங்கள். துப்புரவும் தண்ணீரும் எங்கள் பொறுப்பு. கணக்குப் புத்தகத்தை மாதாமாதம் கிராம சேவையாளரிடம் காட்டுகிறோம். மின்கட்டணத்தையும் வருமானத்தில் கட்டுகிறோம். சரிவராவிட்டால் நீங்களே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஓகஸ்ட் 25 அன்று பண்டாரவன்னியன் நினைவுநாளுக்குச் சனம் வரும். அதற்கு முன் தயவுசெய்து திறப்பைத் தாருங்கள். யாரையும் அனுப்பிச் சிரமப்பட வேண்டாம். எந்த நாள் என்று சொன்னால் விடிய முதல் பஸ்ஸில் வந்து, கையெழுத்து வைத்து நானே வாங்கிக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
மாதர் சங்கச் செயலாளர்