கணினி உத்திக்கு ஏன் காப்புரிமை வேலி?

ஆசிரியர் அவர்களுக்கு,

கணினியின் பல செயலிகள் (processors) ஒரே தரவை மோதலின்றிக் கையாளும் ‘ஆர்சியு’ (RCU, Read-Copy-Update) என்னும் உத்தி பற்றிய காப்புரிமைச் சர்ச்சை குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சீக்குவென்ட் என்ற கணினி நிறுவனம் 1995இல் காப்புரிமை பெற்ற இம்முறையை, அந்நிறுவனத்தை 1999இல் வாங்கிய ஐபிஎம், எவரும் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல இயங்குதளமான லினக்ஸுக்குத் தானே வழங்கியது. இதற்குக் காப்புரிமையே இல்லாத எஸ்சிஓ என்ற மென்பொருள் நிறுவனம், யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் உரிம ஒப்பந்தத்தைக் காட்டி ஐபிஎம் மீது 2003இல் தொடுத்த வழக்கில் இதையும் இழுத்தது. வழக்கு தீர 2021 ஆயிற்று!

உத்தியின் கரு எளியது: படிப்பவரைத் தடுக்காமல், பிரதியொன்றைத் திருத்தி முன்வைப்பது, பழையதை எல்லோரும் படித்து முடித்தபின் அகற்றுவது. தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த என் தந்தை, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பெயர்ப்பட்டியலை இப்படித்தான் மாற்றுவார். புதிய தாளைத் தொங்கவிடுவார்; பழைய தாளைப் பார்த்துக்கொண்டிருப்பவர் கையிலிருந்து பறிக்கமாட்டார். (காப்புரிமை கேட்டதில்லை.) எல்லோரும் முடித்துவிட்டதை இயந்திரம் அறியச் செய்வதில் பொறியாளரின் உழைப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் அவர் எழுதும் நிரலுக்குப் பதிப்புரிமையே போதும். நமது இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணித முறைகளுக்குக் காப்புரிமை வழங்குவதில்லை. அடுத்த திருத்தத்தில் கணினி நெறிமுறைகளையும் (algorithms) அந்த வரிசையில் வெளிப்படையாகச் சேர்க்கலாம்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
ஹட்டன்.